மாற்றுப் பட்டியலில் முதல் பெயர்

அரசுப் பணி ஆணையத்தின் தேர்வு முடிவு வந்த அன்று ரிஷிராம் பூசால் தன் மனைவியின் பெயரை மூன்று முறை படித்தான். மொத்தம் ஏழு பேரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஏழாவது பெயர் மேனுகா பூசால். அதற்குக் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே ‘மாற்று ஆட்கள்’ என்ற தலைப்பில் முதல் பெயர் ரிஷிராம் பூசால். மேலே இருக்கும் ஏழு பேரில் யாராவது வேலையில் சேராமல் போனாலோ, ஓராண்டுக்குள் விலகினாலோ, செத்தே போனாலோ அந்த இடம் அவனுக்கு வரும். ஏழு பேரும் கல்லாக உட்கார்ந்துவிட்டால் அடுத்த மங்சிர் மாதம் பதின்மூன்றாம் தேதியோடு அந்தப் பட்டியல் காலாவதி.

கணவனும் மனைவியும் எழுதியது ஒரே தேர்வு. காட்மாண்டுவில், மத்திய சுகாதார அமைச்சகத்தில் ஏழாம் தர அதிகாரி வேலை. இருவருக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் ஒரு மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு. வேறு வீடாக இருந்தால் ஒருத்திக்கு வேலை கிடைத்ததே என்று அன்றைக்கே கிடா வெட்டியிருப்பார்கள். ரிஷிராமுக்கு வயிறு எரிந்தது. வாழ்த்து சொல்ல வந்தவர்களுக்கு அவனே டீ போட்டுக் கொடுத்தான், சர்க்கரை போட மறந்து.

அவனுடைய எரிச்சலுக்கு ஒரு வரலாறு உண்டு. பல்பா மலையில் இருக்கும் அந்தச் சின்னப் பாலிகாவின், அதாவது உள்ளாட்சி மன்றத்தின், சுகாதாரப் பிரிவுக்கு அவன்தான் தலைவன். நாலாம் வார்டு சுகாதார நிலையத்தை மேனுகா பார்த்துக்கொண்டாள். மாதக் கடைசியில் அவள் அறிக்கையைக் கொண்டுவந்து அவன் மேசைக்கு முன்னால் நிற்பாள். எத்தனை பிரசவம், எத்தனை தடுப்பூசி, எத்தனை காசநோய் என்று அவன் சிவப்பு மையில் டிக் அடித்துக்கொண்டே போவான். கூட்டல் தப்பாக இருந்தால் எல்லோர் முன்னாலும் சொல்வான். வீட்டில் சண்டை போட்ட மறுநாள் கூட்டல் தப்பு கொஞ்சம் அதிகமாகவே கண்ணில் படும். இப்படியே ஐந்து வருடம் ஓடியது.

தேர்வுக்கு அவளைப் படிக்கச் சொன்னதும் அவன்தான், தனக்குத் துணைக்குப் படிக்க ஓர் ஆள் வேண்டும் என்பதற்காக. சமையலறைச் சுவரில் சார்ட் பேப்பர் ஒட்டி அமைச்சகத்தின் முழு வரைபடத்தையும் வரைந்து வைத்தான். உச்சியில் அமைச்சர். அடுத்து செயலாளர். அவருக்குக் கீழே பிரிவுகள்: கொள்கை, தர நிர்ணயம், ஒருங்கிணைப்பு, நிர்வாகம் என்று வரிசையாக. அதற்கும் கீழே மூன்று துறைகள், ஒன்று சுகாதாரச் சேவைக்கு, ஒன்று ஆயுர்வேதத்துக்கு, ஒன்று மருந்துகளைக் கண்காணிக்க. பக்கத்தில் மத்திய மருத்துவமனைகள். அடியில் ஏழு மாகாணம். ஆக அடியில் எழுநூற்று ஐம்பத்து மூன்று பாலிகா. உச்சியிலிருந்து அடிவரை ஸ்கேல் வைத்து ஒரே கோடு இழுத்தான்.

“மாகாணத்துக்கு மேல இருக்கிற கோடு புள்ளிக்கோடா வராதா?” என்று மேனுகா பருப்பைத் தாளித்துக்கொண்டே கேட்டாள். “மாகாணத்துக்குத் தனி அரசாங்கம், தனி அமைச்சர் இருக்காரே. பாலிகா ஊழியர்களும் பாலிகாவுக்குத்தானே கட்டுப்பட்டவங்க. காட்மாண்டு நமக்கு உத்தரவு போட முடியாதே.”

“புள்ளி வெக்கிறதுக்கு இதென்ன திஹார் பண்டிகை ரங்கோலியா? பதினஞ்சு வருஷம் சர்வீஸ் போட்டவன் சொல்றேன். கோடு கோடுதான்.”

பதினைந்து வருடத்தில் பத்து வருடம் அவன் பழைய முறையில் வேலை பார்த்தவன். அப்போது காட்மாண்டுவில் ஒருவர் தும்மினால் மலையில் இருக்கும் நிலையம் வரை சளி பிடிக்கும். புது அரசியலமைப்பு வந்து அதிகாரத்தை மூன்றாகப் பிரித்தது. காகிதத்தில் பிரிந்தது, அவன் மண்டையில் பிரியவில்லை. தேர்வில் அந்தக் கேள்வியே வந்தது: அமைச்சகத்தின் அமைப்பை வரைந்து விளக்குக. அவன் கோடு போட்டான். அவள் புள்ளி வைத்தாள். அந்த ஒன்றில்தான் மதிப்பெண் போயிருக்க வேண்டும் என்று அவனே கண்டுபிடித்து, அவனே நொந்துகொண்டு, கடைசியில் அவளைத் திட்டினான். சரியாகத் தெரிந்தவள் இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கக் கூடாதா?

டீக்கடையில் விஷயம் வேறு மாதிரி ஓடியது. தடுப்பூசி போடும் ஹர்க்கா தாப்பா மகர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறவன் அல்ல.

“அண்ணி அதிகாரி ஆயிட்டாங்களாமே அண்ணே. இனிமே உங்களுக்கே மேல.”

“பெண்கள் ஒதுக்கீட்டுல போயிருக்கா” என்றான் ரிஷிராம். “நாட்டுல இப்ப எல்லாம் அப்படித்தானே.”

ஹர்க்கா போனை எடுத்துப் பட்டியலைப் பெரிதாக்கிப் பார்த்தான். “இதுல பொதுப் பட்டியல்னுல்ல போட்டிருக்கு. உங்க பேரும் இதே பட்டியல்லதான் கீழ கிடக்கு. அப்ப நீங்களும் பெண்கள் ஒதுக்கீடா?”

கடைக்காரி சன்மதி சிரித்த சிரிப்பில் பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பது அந்த மலைத் தவளைகளுக்கும் பொருந்தும். ரிஷிராம் பாதி டீயோடு எழுந்து போனான்.

மேனுகா ஏழு வயது மகள் அஸ்மியைக் கூட்டிக்கொண்டு காட்மாண்டு போனாள். ஒற்றை அறை எடுத்தாள். அமைச்சகத்தில் ஒருங்கிணைப்புப் பிரிவில் அவளைப் போட்டார்கள், மாகாணங்களோடும் பாலிகாக்களோடும் பேசுகிற பிரிவு. தினமும் சாயங்காலம் போன் செய்வாள். அவள் குரலில் சந்தோஷம் இருந்தால் அவனுக்கு அன்றிரவு தூக்கம் போகும். சலிப்பு இருந்தால் நன்றாகத் தூங்குவான்.

“தகுதிகாண் காலம் ஆம்பளைக்கு ஒரு வருஷம், பொம்பளைக்கு ஆறு மாசமாம்” என்று ஒருநாள் அவளிடமே சொன்னான். “பாதி நாள்லயே நிரந்தரம். குடுத்து வெச்சவ நீ.”

“பிரசவத்துல பாதி நீங்க பாருங்க, இதுல பாதி நான் தரேன்” என்றாள் அவள்.

ஆடி மழைக்கு முன்னால் ஒரு சுற்றறிக்கை எழுநூற்று ஐம்பத்து மூன்று பாலிகாவுக்கும் வந்தது. பழைய டயரில் தண்ணீர் தேங்காமல் பாருங்கள், டெங்கு வரும் என்று எச்சரிக்கை. கீழே கையெழுத்து: மேனுகா பூசால். அதைப் பதிவேட்டில் ஏற்றி அறிவிப்புப் பலகையில் குத்துவது ரிஷிராமின் வேலை. குத்தினான். கையெழுத்து இருக்கும் இடத்தை மறைத்து, நாய்க்கடி முகாம் அறிவிப்பு ஒன்றையும் மேலே குத்தினான். சாயங்காலம் வந்து பார்த்தால் நாய்க்கடி முகாம் கதவுக்கு இடம் மாறியிருந்தது. மறுநாள் மறுபடி மறைத்தான். மறுபடி மாறியது. மூன்றாம் நாள் ஹர்க்காவே வந்து, “சார், நாய்க்கடி முகாம் போன மாசமே முடிஞ்சிருச்சு” என்று பணிவாகச் சொன்னான்.

அதே மாதம் பாலிகாவின் தடுப்பூசிக் குளிர்பெட்டி படுத்துவிட்டது. ரிஷிராமுக்கு ஒரு யோசனை வந்தது. நல்ல யோசனை என்று அவனுக்கே சொல்ல வாய் வரவில்லை. ஆனால் விடவும் மனம் வரவில்லை. மாவட்டத்துக்கோ மாகாணத்துக்கோ எழுதாமல் நேராக அமைச்சகத்தின் ஒருங்கிணைப்புப் பிரிவுக்குக் கடிதம் எழுதினான். புதுப் பெட்டி உடனே வேண்டும், குழந்தைகளின் உயிர் விஷயம். நகலைச் செயலாளர் வரை ஐந்து இடத்துக்குத் தட்டினான். புருஷன் கேட்டான் என்று அவள் பெட்டி அனுப்பினால் சலுகை காட்டினாள் என்று பெயர் கெடும். அனுப்பாவிட்டால் குழந்தைகளைக் கைவிட்டாள் என்று பெயர் கெடும். தகுதிகாண் காலம் முடிய இன்னும் பத்து நாள் இருந்தது.

அன்று சாயங்காலமே அவள் கூப்பிட்டாள். “பெட்டி கெட்டுப்போச்சா? மாவட்டச் சுகாதார அலுவலகத்துல உபரியா ஒண்ணு இருக்குமே, கேட்டீங்களா?”

“ஆபீஸ் விஷயத்தை வீட்டு போன்ல பேசாதே. கடிதம் வந்திருக்குல்ல, பதில் போடு.”

பதில் வந்தது. அவள் கையெழுத்தில் அல்ல. கடிதம் எழுதியவர் என் கணவர், வேறு அதிகாரி இதைப் பார்க்க வேண்டும் என்று குறிப்பு எழுதி அவள் ஒதுங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்து மேசைக்காரர் இரண்டே வரியில் எழுதியிருந்தார்: இது உங்கள் மாகாணம் பார்க்க வேண்டியது, அவர்களை அணுகவும். நகல் பாலிகா நிர்வாக அதிகாரிக்கு. நிர்வாக அதிகாரி ரிஷிராமைக் கூப்பிட்டு, தன்னிடம் கேட்காமல் காட்மாண்டுக்குக் கடிதம் போட்டது ஏன் என்று மூன்று நாளில் எழுத்தில் விளக்கம் கேட்டார். அவன் விளக்கம் எழுதிக்கொண்டிருக்கும்போதே ஜீப்பில் குளிர்பெட்டி வந்து இறங்கியது.

“இது எங்கேருந்து?” என்றான்.

“மாவட்டத்துலேருந்து சார்” என்றான் ஹர்க்கா. “அண்ணிதான் அன்னிக்கே எனக்குப் போன் பண்ணி, போய்க் கேட்டு வாங்கிட்டு வான்னாங்க. ஒரு குப்பி மருந்துகூட வீணாகல. உங்ககிட்ட சொல்ல வேணாம்னாங்க, நீங்க வேலையா இருப்பீங்கன்னு.”

அவள் மேல் அவனுக்கு அன்று வந்த கோபம் அதுவரை வந்ததே இல்லை. தப்புச் செய்தவளை மன்னித்துவிடலாம். தப்பே செய்யாதவளை என்ன செய்வது? பத்து நாள் கழித்து அவள் நிரந்தரமானாள்.

அதற்குப் பிறகு அவன் மற்ற ஆறு பேரைப் பின்தொடர ஆரம்பித்தான். ஃபேஸ்புக்கில் ஆறு பேரையும் நண்பர்களாக்கிக்கொண்டான். பட்டியலில் முதலாவதாக இருந்த பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, மாப்பிள்ளை வெளிநாடாக இருக்கக் கூடாதா என்று ஏங்கினான். மாப்பிள்ளை அதே அமைச்சகத்தில் கணக்காளன். ஐந்தாமவருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கேள்விப்பட்டு ஒரு வாரம் அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர் தினமும் காலையில் ஓடுகிற படம் போட்டார். சியாங்ஜாக்காரனான மூன்றாமவன் பொக்கராவில் படகு விட்டான், மாமியார் வீட்டில் கறி தின்றான். யாரும் அசைகிற மாதிரி தெரியவில்லை. இலவு காத்த கிளிக்காவது காத்திருக்கிறோம் என்கிற கௌரவம் உண்டு. ரிஷிராம் அடுத்தவன் வேலை போகட்டும் என்று காத்திருந்தான். ஆறு பேரும் கைவிட்ட பிறகு அவன் மனம் ஏழாவது பெயரில் போய் உட்கார்ந்தது.

வேலையை விடு என்று அவன் ஒருநாளும் சொல்லவில்லை. அதற்கு அவனுக்குத் தைரியம் கிடையாது. அம்மாவுக்கு முழங்கால் வலி என்பான். நாலாம் வார்டில் கர்ப்பிணிகள் உன்னைத்தான் கேட்கிறார்கள் என்பான். காட்மாண்டுப் புழுதியில் பிள்ளை இருமுகிறாளே என்பான். ஆவணியில் அஸ்மிக்கு நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, அவளுக்கு மூச்சு எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு, “நீ அங்க நாற்காலியத் தேச்சுக்கிட்டு இரு, பிள்ளையப் பாக்க யார் இருக்கா” என்றான். மறுமுனையில் வெகுநேரம் பேச்சில்லை. பேச்சில்லாமல் போனதில் அவனுக்கு ஒரு நம்பிக்கை பிறந்தது. தன் பிள்ளை ஆக்சிஜன் வைத்துக்கொண்டு படுத்திருந்த நாளில் பிறந்த நம்பிக்கை அது.

தசைன் பண்டிகை விடுமுறைக்கு மேனுகாவும் அஸ்மியும் வந்தார்கள். பத்தாம் நாள் காலையில் ரிஷிராமின் அம்மா மகன், மருமகள், பேத்தி மூவர் நெற்றியிலும் தயிரில் குழைத்த சிவப்பு அரிசியை டீக்காவாக அப்பி, காதில் முளைப்பயிர் செருகி, நூறு வயசு இருங்கள் என்று ஆசீர்வதித்தாள். கறியும் அவலும் தின்று முடித்து, அஸ்மி மூங்கில் ஊஞ்சலுக்கு ஓடிய பிறகு, மேனுகா கைப்பையை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு வந்தாள். அவன் வெயிலில் உட்கார்ந்திருந்தான். நெற்றி அரிசி காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது.

அவள் முகத்தில் ஒரு சிரிப்பு ஒளிந்திருந்தது. அவனுக்கு அது கேலியாகப் பட்டது.

“ஒரு தாள் கொண்டாந்திருக்கேன்” என்றாள். “எங்க ஆபீஸ்ல கீழ இருக்கிறவங்க கருத்து எழுதாம எந்தத் தாளும் மேல போகாது. நீங்க கருத்து எழுதுங்க. அப்புறந்தான் நான் முடிவு பண்ணுவேன்.”

“அப்ப நான் கீழ இருக்கிறவனா?”

“ஏழுக்குக் கீழ எட்டுதானே” என்று சிரித்துக்கொண்டே பேனாவையும் நீட்டினாள்.

அவன் தாளைப் பிரித்தான். அமைச்சகச் செயலாளர் அவர்களுக்கு, சொந்தக் காரணங்களால் பணியிலிருந்து விலகிக்கொள்கிறேன். கீழே மேனுகாவின் கையெழுத்து. தேதி போடவில்லை.

“இது எப்ப எழுதினது?”

“ஆவணியில. ஆஸ்பத்திரியில உக்காந்துக்கிட்டு. நீங்க அன்னிக்குப் பேசினதுக்கப்புறம் எழுதினேன். எழுதினா குடுக்க மனசு வரல. பையிலயே கிடந்துச்சு. இதை என்ன பண்ணலாம், நீங்களே சொல்லுங்க.”

அவன் படித்ததையே மறுபடி படித்தான். கிழித்துப் போடு என்று சொல்ல வேண்டும் என்பது அவனுக்குத் தெரிந்தது. எந்தப் புருஷனும் அதைத்தான் சொல்வான். வாயைத் திறக்கிற நேரம்தான் ஆகும். ஆனால் மனதுக்குள் காலண்டர் புரண்டது. இன்று கார்த்திக் மாதம் ஒன்றாம் தேதி, அடுத்தது மங்சிர். மங்சிர் பதின்மூன்றுக்கு இன்னும் நாற்பத்திரண்டு நாள். நடுவில் திஹாருக்கு அலுவலகம் மூடியிருக்கும். தாள் பிரிவுக்குப் போய், நிர்வாகத்துக்குப் போய், செயலாளர் கையெழுத்தாகி, ஆணையத்துக்குத் தகவல் போக வேண்டும்.

“மங்சிர் பதிமூணுக்குள்ள ஏத்துக்குவாங்களா?” என்று கேட்டான்.

கேட்ட பிறகுதான் கேட்டது அவனுக்கே உறைத்தது. மேனுகாவின் முகத்தில் இருந்த சிரிப்பு உடனே போகவில்லை. அவன் கேட்டது அவளுக்குப் புரிய அவ்வளவு நேரம் ஆயிற்று. பிறகு அவள் கையை நீட்டித் தாளை வாங்கினாள். நாலாக மடித்தாள். பையில் வைத்து ஜிப்பை மூடினாள்.

“தேவைப்படாது” என்றாள், அலுவலகத்தில் பேசுகிற குரலில். “மூணாவது பேர், அந்த சியாங்ஜாக்காரர், வேலைய விட்டுட்டார். பொண்டாட்டிக்கு ஆஸ்திரேலியாவுல படிப்பு, இவருக்கும் சேத்து விசா. கைக்கு வர்ற வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடல. போன வாரம் ஏத்துக்கிட்டாங்க. மாற்றுப் பட்டியல்லேருந்து ஆள் கேட்டு ஆணையத்துக்குக் கடிதமும் போயாச்சு. ஆபீஸ் திறந்ததும் உங்களைக் கூப்பிடுவாங்க.”

“இதை ஏன் முதல்லயே சொல்லல?”

“போன்ல சொல்ல வேணாம், டீக்கா வெச்சதும் நேர்ல சொல்லணும்னு ஒரு வாரமா அடக்கி வெச்சிருந்தேன். முதல்ல இந்தத் தாளைக் குடுத்தா நீங்க பதறிக் கிழிப்பீங்க, அப்புறம் அதைச் சொன்னா ரெண்டு பேரும் சிரிக்கலாம்னு நெனச்சேன். அஸ்மிகிட்டகூடச் சொல்லிட்டேன், அப்பா இனிமே நம்மகூடத்தான்னு.”

“மேனுகா, நான் அந்த அர்த்தத்துல கேக்கல.”

“வேற என்ன அர்த்தம் இருக்கு அதுல? இருந்தா சொல்லுங்க.”

அம்மாவின் முழங்கால், புழுதி, கர்ப்பிணிகள் என்று வருடம் முழுக்க அவனுக்குக் காரணம் வந்துகொண்டே இருந்தது. இன்று ஒன்றும் வரவில்லை.

“நான் சரின்னு சொல்லல” என்றான் கடைசியில்.

“வேணாம்னும் சொல்லலையே.” அவள் எழுந்து புடவையில் ஒட்டியிருந்த உமியைத் தட்டினாள். “அங்க வேலையில நல்லபடியாச் சேருங்க. மாகாணக் கோப்பெல்லாம் தேங்கிக் கிடக்கு, ஆள் தேவைதான். தங்கறதுக்கு மட்டும் வேற எடம் பாத்துக்குங்க. எங்க ரூம் ரெண்டு பேருக்குத்தான் சரியா இருக்கு. அஸ்மிகிட்ட நான் சொல்லிக்கிறேன்.”

அவள் படியிறங்கிப் போனாள். பேனா அவன் கையிலேயே இருந்தது. வருடம் முழுக்க அவன் கேட்ட வேலை வந்துவிட்டது, யாரும் சாகவில்லை, அவளும் விலக வேண்டியதில்லை. சந்தோஷம் வரும் என்று சற்று நேரம் காத்துப் பார்த்தான். வந்தது வேறொன்று. ஒரே அமைச்சகம், ஒரே தரம். ஆனாலும் பணிமூப்பில் அவள் தன்னைவிட ஒரு வருடம் மேலே இருப்பாள், அடுத்த பதவி உயர்வும் முதலில் அவளுக்குத்தான் என்று மனம் தானாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. போதும், நிறுத்து என்று அவன் தனக்குள் சொல்லிப் பார்த்தான். அது நிற்கவில்லை.